பனியன் கம்பெனி ஃபயர்வாலில் நேட்: வெளியிலிருந்து ஈஆர்பி திறக்கிறது, ஆபீஸுக்குள்ளிருந்து திறக்கவில்லை

பின்னலாடை_ஐடி (திருப்பூர்), சனி மாலை 6.40

வணக்கமுங்க. மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான் ஒருத்தன்தான் பார்க்கிறேன். கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 140 சிஸ்டம், 32 கேமரா, எட்டு அட்டெண்டன்ஸ் மெஷின். இதுவரை இருந்த ஃபயர்வால் பெட்டிக்கு லைசென்ஸ் முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கேட்ட தொகை முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் சும்மா கிடந்த ஒரு சர்வரில் இன்னொரு நெட்வொர்க் கார்டு சொருகி, டெபியன் 12 லினக்ஸ் ஏற்றி, என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸில் ஃபயர்வால் ரூல் எழுதும் மென்பொருள்) வைத்து அதையே ஃபயர்வாலாக்கிக்கொண்டிருக்கிறேன்.

உள்பக்கம் 192.168.1.0/24. சர்வரின் உள்பக்க முகவரி 192.168.1.1. வெளிப்பக்கம் ஒரு ஸ்டாட்டிக் ஐபி. உண்மை எண்ணை இங்கே போட வேண்டாம் என்று எடுத்துக்காட்டுக்கு 203.0.113.10 என்று வைத்துக்கொள்கிறேன். ஈஆர்பி (கம்பெனிக் கணக்கு வழக்கு மென்பொருள்) சர்வர் 192.168.1.20, போர்ட் 8443. வெளியே சுற்றும் மெர்ச்சண்டைசர்கள் செல்போனிலிருந்து அதைப் பார்த்தாக வேண்டும்.

இப்போதைய நிலவரம்: ஃபயர்வால் சர்வரிலிருந்து இன்டர்நெட் போகிறது. உள்ளே இருக்கும் எந்த சிஸ்டத்திலிருந்தும் போகவில்லை. 192.168.1.1 வரை பிங் வருகிறது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மாஸ்கரேட் ரூல் (உள்முகவரியை வெளி ஐபியாக மாற்றி அனுப்பும் நேட் ரூல்) போட்டுத்தான் இருக்கிறேன். திங்கள் காலை எட்டரைக்கு ஷிஃப்ட் ஏறிவிடும். அதற்குள் சரிசெய்ய வேண்டும். வழி சொல்லுங்க.


நொய்யல்_கரை (கோவை), சனி மாலை 7.05

தம்பி, இரண்டே கேள்வி. கர்னலில் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு கார்டில் வந்த பாக்கெட்டை இன்னொரு கார்டுக்குக் கடத்துவது) ஒன்று என்று இருக்கிறதா, சைபர் என்று இருக்கிறதா? அப்புறம் அந்த மாஸ்கரேட் ரூலில் எந்தக் கார்டு வழியாக வெளியே போவதற்கு என்று எழுதியிருக்கிறீர்களா?


பின்னலாடை_ஐடி, சனி மாலை 7.18

சைபர்தான் இருந்ததுங்க அண்ணா. ஒன்று என்று மாற்றியதும் எல்லா சிஸ்டமும் வெளியே போய்விட்டது. சிஸ்கன்ட்ரோல் கோப்பிலும் எழுதி வைத்துவிட்டேன். ரொம்ப நன்றிங்க.

ரூலில் கார்டு பெயர் எதுவும் எழுதவில்லை. வெறும் மாஸ்கரேட் என்று மட்டும்தான் இருக்கிறது. வேலை செய்கிறதே, எழுதித்தான் ஆகணுங்களா?


சிப்காட்_ரவுட்டர் (பெருந்துறை), சனி இரவு 8.10

எழுதித்தான் ஆகணும். இது நான் பட்ட பாடு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் அப்போது ஒரு பிராசசிங் யூனிட்டில் இருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் உங்களைப் போலவே கார்டு பெயர் இல்லாமல் மாஸ்கரேட் போட்டிருந்தார். வெளியே போகும் பாக்கெட்டுக்கு மட்டுமில்லாமல், வெளியிலிருந்து உள்ளே வரும் பாக்கெட்டுக்கும் அந்த ரூல் பொருந்திவிட்டது. அதாவது டெல்லியிலிருந்து ஒருவர் எங்கள் சர்வரைத் தொட்டாலும், சூரத்திலிருந்து ஒருவர் தொட்டாலும், சர்வரின் லாகில் வந்தவர் முகவரி 192.168.1.1 என்றுதான் பதிவானது. எல்லோரும் ஃபயர்வாலின் முகத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஒரு வருடம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் அந்தச் சர்வரில் நான் ஃபெயில்2பேன் ஏற்றினேன். தப்பான பாஸ்வேர்டை ஐந்து தடவை போட்டால் அந்த முகவரியைத் தடுத்துவிடும். இரவோடு இரவாக எவனோ ஒருவன் வெளியிலிருந்து பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்திருக்கிறான். ஃபெயில்2பேன் தன் கடமையைச் செய்தது, 192.168.1.1 ஐத் தடுத்தது. காலையில் வெளியிலிருந்து ஒருவராலும் சர்வருக்குள் வர முடியவில்லை. வெளியே போகும் லாரிக்கு பில் போட முடியாமல் மதியம் வரை நிறுத்திவைத்தார்கள். காரணம் ஒரே ஒரு கார்டு பெயர் விடுபட்டது.


நொய்யல்_கரை, சனி இரவு 9.00

பெருந்துறைக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்க. போஸ்ட்ரவுட்டிங் செயினில் (பாக்கெட் வெளியேறும் கடைசிக் கட்டத்துக்கான ரூல் வரிசை) 'வெளியேறும் கார்டு வெளிப்பக்கக் கார்டாக இருந்தால்' என்ற நிபந்தனை கட்டாயம். உங்களுக்கு ஸ்டாட்டிக் ஐபி இருப்பதால் மாஸ்கரேட்டுக்குப் பதில் எஸ்நேட் (அனுப்பியவர் முகவரியை மாற்றும் ரூல்) எழுதி, 203.0.113.10 என்று நேராகச் சொல்லிவிடலாம். மாஸ்கரேட் என்பது ஐபி அடிக்கடி மாறும் லைனுக்கானது. லைன் ஒருமுறை விழுந்து எழுந்தால் பழைய கனெக்ஷன் கணக்கையெல்லாம் அது அழித்துவிடும். எஸ்நேட் அப்படிச் செய்யாது.

ரூல்களை நான் கட்டளையாகப் போடாமல் பேச்சாகவே சொல்கிறேன். நகலெடுத்து ஒட்டினால் என் கார்டு பெயர் உங்கள் சர்வருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புரிந்துகொண்டு நீங்களே தட்டினால் அடுத்த தடவை யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

நேட் எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஊர்க் கணக்கிலேயே சொல்லிவிடலாம். நிட்டிங் முடிந்த துணி ரோல் சாயத்துக்குப் போகிறது. கேட்டைத் தாண்டும்போது டிசி (டெலிவரி சலான்) போடுகிறீர்கள். எந்த செக்ஷன், எந்த லாட், எத்தனை ரோல் என்று வாட்ச்மேன் ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்கிறார். சாயப்பட்டறைக்காரருக்குத் தெரிந்தது உங்கள் கம்பெனி பெயரும் டிசி நம்பரும் மட்டும்தான். உள்ளே எந்த சூப்பர்வைசர் அனுப்பினார் என்பது அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. துணி திரும்பி வரும்போது வாட்ச்மேன் டிசி நம்பரைப் பார்த்து, ரெஜிஸ்டரைப் புரட்டி, உரிய செக்ஷனுக்கு அனுப்பிவிடுகிறார். கம்பெனி பெயர்தான் பொது ஐபி, டிசி நம்பர்தான் போர்ட், ரெஜிஸ்டர்தான் கர்னலில் இருக்கும் கனெக்ஷன் டிராக்கிங் அட்டவணை.

சரி, டிசி எதுவும் இல்லாமல் ஒரு லாரி வந்து நின்றால்? ரெஜிஸ்டரில் அதற்கு வரவு இல்லை. முதலாளி முன்கூட்டியே 'கார்ட்டன் பாக்ஸ் லாரி வந்தால் பேக்கிங் குடோனுக்கு அனுப்பு' என்று சொல்லியிருந்தால் ஒழிய அது எங்கே போவது என்று தெரியாது. அந்த உத்தரவுதான் டிநேட். போர்ட் ஃபார்வர்டிங் என்று நாம் சொல்வது அதைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேட் ரூலைப் பார்ப்பது ஒரு கனெக்ஷனின் முதல் பாக்கெட் மட்டும்தான். மீதியெல்லாம் ரெஜிஸ்டரைப் பார்த்துப் போய்விடும். அதனால் ரூலை மாற்றிவிட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிங்கைப் பார்த்து 'மாறவே இல்லையே' என்று குழம்பாதீர்கள். டிசிபி கனெக்ஷன் ஒன்று நிலைபெற்றுவிட்டால், பேச்சே இல்லாமல் கிடந்தாலும் லினக்ஸ் அதை 432000 நொடி, அதாவது ஐந்து நாள், ரெஜிஸ்டரில் வைத்திருக்கும். சோதிக்கும்போது அந்த அட்டவணையைத் துடைத்துவிட்டுச் சோதியுங்க.


பின்னலாடை_ஐடி, ஞாயிறு காலை 10.25

டிசி கணக்கில் சொன்னதும் சட்டென்று பிடிபட்டுவிட்டதுங்க அண்ணா. எஸ்நேட் போட்டேன், வெளியேறும் கார்டையும் எழுதினேன்.

அடுத்தது ஈஆர்பி. பிரீரவுட்டிங்கில், வெளிப்பக்கக் கார்டில் 8443 க்கு வருவதை 192.168.1.20 க்குத் திருப்பச் சொல்லி டிநேட் எழுதினேன். ஃபார்வர்ட் செயினில் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, 203.0.113.10 இன் 8443 ஐ மட்டும் அனுமதித்தேன். வேலை செய்யவில்லை. ஃபயர்வாலில் உட்கார்ந்தே 203.0.113.10:8443 ஐக் கூப்பிட்டுப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.


நொய்யல்_கரை, ஞாயிறு காலை 10.50

இரண்டு பிழை, இரண்டுமே எல்லோரும் செய்வதுதான்.

பாக்கெட் வரும் வழியை மனதில் ஓட்டிப் பாருங்க. முதலில் பிரீரவுட்டிங், அங்கே சேருமிடம் மாறிவிடுகிறது. அப்புறம்தான் எந்தப் பக்கம் போவது என்ற முடிவு. அதற்கப்புறம் ஃபார்வர்ட். கடைசியில் போஸ்ட்ரவுட்டிங், அங்கே அனுப்பியவர் முகவரி மாறுகிறது. ஆக, ஃபார்வர்ட் செயினுக்கு வந்து சேரும்போது சேருமிடம் ஏற்கெனவே 192.168.1.20 ஆகிவிட்டது. 203.0.113.10 என்ற எண்ணை ஃபார்வர்ட் ஒருபோதும் பார்ப்பதில்லை. அனுமதியை உள்முகவரிக்கு எழுதுங்க. அதே மாதிரி உள்ளிருந்து வெளியே போகும்போது ஃபார்வர்டுக்குத் தெரிவது 192.168.1.57 போன்ற அசல் முகவரிதான், ஏனென்றால் எஸ்நேட் இன்னும் நடக்கவில்லை. ஃபார்வர்டில் எழுதுவதெல்லாம் எப்போதும் உள்முகவரிக்குத்தான் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

நிலைபெற்ற கனெக்ஷன்களை அனுமதிக்கும் ரூல் முதலில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பதில் பாக்கெட் தடுபடும்.

இரண்டாவது, ஃபயர்வாலில் உட்கார்ந்து சோதித்தது. அதே மெஷினில் பிறக்கும் பாக்கெட் பிரீரவுட்டிங் வழியாக வராது, அவுட்புட் வழியாகப் போகும். உங்கள் டிநேட் ரூல் அதன் கண்ணிலேயே படாது. செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் பாருங்க.


பின்னலாடை_ஐடி, ஞாயிறு காலை 11.15

மொபைல் டேட்டாவில் திறந்துவிட்டதுங்க! முதலாளிக்கும் அனுப்பி, அவர் வீட்டிலிருந்து பார்த்துவிட்டார்.

ஆனால் அதே செல்போனை ஆபீஸ் வைஃபைக்கு மாற்றினால் திறக்கவில்லை. மெர்ச்சண்டைசர்கள் காலையில் ஆபீஸில் இருப்பார்கள், மதியம் வெளியே போவார்கள். அவர்கள் செல்போனில் இருப்பது 203.0.113.10 ஐக் காட்டும் பெயர்தான். உள்ளே இருந்தால் வேறு முகவரி தட்டு என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்.


சிறுவாணித்_தண்ணி (கோவை), ஞாயிறு மதியம் 12.05

தம்பி, டிநேட் ரூலில் 'வெளிப்பக்கக் கார்டில் வந்தால்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸ் வைஃபையிலிருந்து வருவது உள்பக்கக் கார்டில் அல்லவா வரும்? அதனால் ரூல் பொருந்தாமல் பாக்கெட் ஃபயர்வாலிலேயே நின்றுவிடுகிறது. கார்டை எடுத்துவிட்டு, சேருமிடம் 203.0.113.10 ஆக இருந்தால் என்று மாற்றுங்க. ஃபார்வர்டிலும் உள்ளிருந்து உள்ளே போவதற்கு அந்த 8443 ஐ அனுமதியுங்க. அப்போதும் வராது. ஏன் வராது என்பதை நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு லேப்டாப்பில் டிசிபிடம்ப் (வந்து போகும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) ஓடவிட்டு இங்கே எழுதுங்க.


பின்னலாடை_ஐடி, ஞாயிறு மதியம் 1.30

அக்கா, நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டு என் லேப்டாப்பில் பார்த்தேன். என் முகவரி 192.168.1.57.

முதல் வரி: 192.168.1.57 இலிருந்து 203.0.113.10 இன் 8443 க்கு சின் (கனெக்ஷன் கேட்கும் பாக்கெட்). அடுத்த வரி: 192.168.1.20 இன் 8443 இலிருந்து எனக்கு சின்-அக் (அதற்குச் சம்மதப் பதில்). மூன்றாவது வரி: நான் 192.168.1.20 க்கு ரீசெட் அனுப்புகிறேன். ஒரு நொடி கழித்து மறுபடி அதே மூன்று வரி. அப்புறம் மூன்று நொடி, ஏழு நொடி என்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

நான் கூப்பிட்டது ஒருவரை, பதில் சொல்வது வேறொருவர். அதனால்தான் லேப்டாப் 'நீ யார்' என்று வெட்டிவிடுகிறது, சரிங்களா?


சிறுவாணித்_தண்ணி, ஞாயிறு மதியம் 2.00

அதேதான். ஃபயர்வால் உங்கள் பாக்கெட்டை வாங்கி, சேருமிடத்தை மட்டும் மாற்றி ஈஆர்பிக்கு அனுப்பியது. அனுப்பியவர் 192.168.1.57 என்பது அப்படியே இருந்தது. ஈஆர்பி பார்த்தது, 'அட, இவர் நம் ஸ்விட்சிலேயே இருக்கிறாரே' என்று ஃபயர்வாலைத் தொடாமல் நேராக உங்களுக்குப் பதில் அனுப்பிவிட்டது. திரும்பும் வழியில் முகவரியைப் பழையபடி மாற்ற வேண்டிய ஃபயர்வாலுக்கு அந்தப் பதில் வந்து சேரவே இல்லை.

இதற்கு ஹேர்பின் நேட் என்று பெயர். போஸ்ட்ரவுட்டிங்கில், 192.168.1.0/24 இலிருந்து வந்து 192.168.1.20 இன் 8443 க்குப் போவதற்கு மட்டும் மாஸ்கரேட் என்று ஒரு ரூல் எழுதினால் வேலை நடந்துவிடும். பதில் ஃபயர்வால் வழியாகவே திரும்பும்.

ஆனால் நான் உங்களை அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன். ஆபீஸிலிருந்து யார் ஈஆர்பியைத் திறந்தாலும் லாகில் 192.168.1.1 என்று விழும். பெருந்துறைக்காரர் பட்ட பாடு உள்பக்கமாக வந்து சேரும். தவிர, ஒரே ஸ்விட்சில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மெஷின் பேசுவதற்கு எல்லாப் பாக்கெட்டும் ஃபயர்வாலுக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சேவை) தீர்த்துக்கொள்ளுங்க. ஃபயர்வாலில் அதற்கான டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளை ஏற்றி, ஈஆர்பியின் பெயரை உள்ளே கேட்பவர்களுக்கு 192.168.1.20 என்று சொல்லச் சொல்லுங்க. வெளியே கேட்பவர்களுக்கு வழக்கம்போல 203.0.113.10 கிடைக்கும். செல்போனில் பெயர் ஒன்றுதான், ஆபீஸிலும் வெளியிலும் தானாகவே சரியான இடத்துக்குப் போகும். சில செல்போன் பிரவுசர் தனியாக வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்கும்படி அமைத்திருப்பார்கள், அவர்களுக்காக வேண்டுமானால் ஹேர்பின் ரூலையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.


பின்னலாடை_ஐடி, ஞாயிறு மாலை 4.20

டிஎன்எஸ்மாஸ்க் போட்டாச்சுங்க அக்கா. வைஃபையிலும் திறக்கிறது, வெளியிலும் திறக்கிறது. லாகில் ஒவ்வொருவர் முகவரியும் தனித்தனியாக விழுகிறது.


தறிச்_சத்தம் (சோமனூர்), ஞாயிறு மாலை 5.10

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிச்சுக்குங்க. எங்களுடையது விசைத்தறிக் கூடம், 24 தறி. கூடத்தில் நாலு கேமரா. வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் எழுதிவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ரவுட்டர் பக்கத்தில் வெளிமுகவரி 100.72 என்று ஆரம்பிக்கிறது. இணையத்தில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வேறு எண் காட்டுகிறது. லைன்காரரைக் கேட்டால் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறார்.


நொய்யல்_கரை, ஞாயிறு மாலை 5.45

எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் நடக்காதுங்க. உங்கள் ரவுட்டருக்கு வெளியே இன்னொரு நேட் இருக்கிறது. 100.64.0.0 இலிருந்து 100.127.255.255 வரை உள்ள எண்களை, இன்டர்நெட் நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ள 2012 இல் ஒதுக்கினார்கள். உங்கள் 100.72 அதற்குள்தான் வருகிறது. நீங்களும் இன்னும் பல வீடுகளும் ஒரே பொது ஐபியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து வருகிறவன் முதலில் நிறுவனத்தின் பெட்டியில் நிற்பான். அங்கே உங்களுக்காக யாரும் உத்தரவு எழுதவில்லை. உங்கள் ரவுட்டரில் எழுதியது சரியாகவே இருந்தாலும் அது வரை எதுவும் வராது.

ஏன் இப்படி என்றால், ஐபிவி4 இல் மொத்தமே சுமார் 429 கோடி எண். உலகத்துக்கான கையிருப்பின் கடைசிக் கட்டுகளை 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நேட் என்பதே இந்தப் பஞ்சத்துக்குத்தான் பிறந்தது. 1994 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 1631 அதைத் தற்காலிகத் தீர்வாகத்தான் முன்வைத்தது.

உங்களுக்கு இரண்டு வழி. ஸ்டாட்டிக் ஐபி தனியாகக் காசு கொடுத்து வாங்கலாம். இல்லையென்றால் மாத வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுத்து, கூடத்திலிருந்து அதற்கு வயர்கார்டு (ஒரு விபிஎன் மென்பொருள்) டனல் போடலாம். கனெக்ஷனைத் தொடங்குவது நீங்கள் என்பதால் எத்தனை நேட் குறுக்கே இருந்தாலும் போய்விடும். 25 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்புப் பாக்கெட் அனுப்பும்படி வைத்துவிடுங்க. இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் பெட்டி உங்கள் வரவை ரெஜிஸ்டரிலிருந்து அழித்துவிடும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வழியில் கேமராவை ஊருக்கே திறந்து வைக்கிறீர்கள்.


காங்கேயம்_காளை (காங்கேயம்), ஞாயிறு மாலை 6.30

எல்லோரும் இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. உள்ளே 192.168 முகவரி வைத்திருந்தால் வெளியிலிருந்து எவனாலும் தொட முடியாது. நேட்டே ஒரு பாதுகாப்புதான். எங்கள் எண்ணெய் மில்லில் ஃபார்வர்ட் செயினில் எதையுமே தடுக்காமல் வெறும் மாஸ்கரேட் மட்டும் வைத்து ஆறு வருடமாக ஓடுகிறது. டேலி சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப் 3389 ஐயும் திறந்து வைத்திருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை.


நொய்யல்_கரை, ஞாயிறு இரவு 8.40

காங்கேயம் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீங்க. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். என் பட்டறையில், உங்களுடையதைப் போலவே ஒரு ஃபயர்வால் வைத்தேன். ஃபார்வர்டிங் ஒன்று, மாஸ்கரேட் ஒன்று, வேறெதுவும் தடுக்கவில்லை. அதன் வெளிப்பக்க ஸ்விட்சில் ஒரு லேப்டாப்பைச் சொருகினேன். லேப்டாப்பில் ஒரே ஒரு ரூட் எழுதினேன்: 192.168.1.0/24 க்குப் போக வேண்டுமானால் அந்த ஃபயர்வாலின் வெளிமுகவரி வழியாகப் போ. பிறகு உள்ளே இருந்த பிரின்டருக்கு, 192.168.1.40 க்கு, பிங் கொடுத்தேன். முதல் பாக்கெட்டுக்கே பதில் வந்தது. பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினேன், பிரின்டரின் அமைப்புப் பக்கம் திறந்து, டோனர் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டியது. நேட் அங்கே ஒன்றுமே செய்யவில்லை. ஏனென்றால் நேட்டின் வேலை முகவரியை மாற்றுவது. தடுப்பது அதன் வேலையே இல்லை. உங்களோடு அதே கம்பி ஸ்விட்சில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும், நிறுவனத்தின் பெட்டிக்குள் நுழைந்துவிட்ட ஒருவனுக்கும் அந்த வழி திறந்தே கிடக்கிறது.

ஃபார்வர்டில் மூன்று ரூல் போதும். நிலைபெற்ற கனெக்ஷனுக்கு அனுமதி, உள்பக்கக் கார்டிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போக அனுமதி, நீங்களாகத் திறந்த போர்ட்டுக்கு அனுமதி. மற்றதெல்லாம் தடை. அதை எழுத ஐந்து நிமிடம் ஆகாது. லைனில் ஐபிவி6 வந்திருக்கிறதா என்றும் பாருங்க. அதில் வழக்கமாக நேட் கிடையாது, ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் பொது முகவரி. ஐபிவி4 க்கு மட்டும் தடை எழுதிவிட்டு அதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

3389 ஐ இன்றைக்கே மூடுங்க. 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளியானது நினைவிருக்கும். பழைய விண்டோஸ் பதிப்புகளில், பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே புகுந்துவிடலாம். கேமரா ரெக்கார்டரைத் திறந்து வைத்தவர்களுக்கு 2016 இல் மிராய் வந்தது. கம்பெனியில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத பெட்டிகளையெல்லாம் பிடித்து அடுத்தவர்களைத் தாக்க வைத்தார்கள். ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். யாராவது வந்து போயிருந்தால் தெரிந்திருக்குமா, லாக் வைத்திருக்கிறீர்களா?


சிறுவாணித்_தண்ணி, ஞாயிறு இரவு 9.15

லாக் பேச்சு வந்ததால் ஒன்று. செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவுப்படி நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், எல்லா மெஷினின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். நேட்டுக்குப் பின்னால் 140 சிஸ்டம் இருந்தால் வெளியே தெரிவது ஒரே ஒரு ஐபி. 'இத்தனாவது தேதி இத்தனை மணிக்கு உங்கள் ஐபியிலிருந்து' என்று கேட்டு வந்தால், எந்த சிஸ்டம் என்று காட்டுவதற்கு அந்த லாகை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.


காங்கேயம்_காளை, ஞாயிறு இரவு 10.50

லாக் வைத்திருக்கவில்லை. இப்போதுதான் டேலி சர்வரின் பாதுகாப்புப் பதிவைத் திறந்து பார்த்தேன். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரில் தப்பான பாஸ்வேர்டு முயற்சி ஒவ்வொரு சில நொடிக்கும் ஒன்று. பதிவு நிரம்பி நிரம்பிப் பழையது அழிந்திருக்கிறது, நேற்று மதியத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கவே வழியில்லை. 3389 ஐ மூடிவிட்டேன். ஆடிட்டருக்கு நாளைக்கு வயர்கார்டு போட்டுக்கொடுக்க வேண்டும். ஃபார்வர்ட் ரூலையும் எழுதிவிடுகிறேன். சொன்னதற்கு நன்றி தம்பி.


பின்னலாடை_ஐடி, புதன் இரவு 8.20

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நன்றாக ஓடியது. இடையில் நானும் வயர்கார்டு ஏற்றினேன். இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. யுபிஎஸ் தாங்காமல் ஃபயர்வால் அணைந்துவிட்டது. கரண்ட் வந்து மெஷின் எழுந்ததும் ஒருவருக்கும் இன்டர்நெட் இல்லை. பார்த்தால் ஒரு ரூல்கூட ஏறவில்லை, எல்லாம் காலி. என்எஃப்டேபிள்ஸ் சேவையை ஞாயிறன்றே எனேபிள் பண்ணியிருந்தேன். கோப்பும் இருக்கிறது. கையால் ஏற்றினால் ஏறுகிறது. காரணம் தெரியவில்லைங்க.


சிப்காட்_ரவுட்டர், புதன் இரவு 8.45

வயர்கார்டு கார்டின் பெயரை ரூலில் 'ஐஐஎஃப்' என்று எழுதியிருக்கிறீர்களா, 'ஐஐஎஃப்நேம்' என்று எழுதியிருக்கிறீர்களா?


பின்னலாடை_ஐடி, புதன் இரவு 8.52

ஐஐஎஃப் என்றுதான் இருக்கிறதுங்க.


சிப்காட்_ரவுட்டர், புதன் இரவு 9.10

அதுதான் காரணம். ஐஐஎஃப் என்று எழுதினால், ரூல் ஏறும் அந்த நொடியில் அந்தக் கார்டு இருந்தாக வேண்டும். மெஷின் எழும்போது ரூல் முதலில் ஏறப் பார்க்கிறது, வயர்கார்டு அப்புறம்தான் பிறக்கிறது. என்எஃப்டேபிள்ஸ் கோப்பை முழுசாக ஏற்றும், இல்லையென்றால் முழுசாக விட்டுவிடும். ஒரு வரி பிழையானாலும் மீதி 40 வரியும் போய்விடும். அதாவது ஃபார்வர்டிங் ஒன்று என்று இருக்க, தடை எதுவும் இல்லாமல் அந்த மெஷின் லைனில் நின்றிருக்கிறது. ஐஐஎஃப்நேம் என்று எழுதினால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். டனல், பிபிபிஓஇ லைன் மாதிரி வந்து போகும் கார்டுக்கெல்லாம் அதையே எழுதுங்க. வெளியேறும் கார்டுக்கும் அதே கணக்கு, ஓஐஎஃப்நேம். மாற்றிவிட்டு இப்போதே ஒருமுறை ரீபூட் செய்து பாருங்க, அடுத்த கரண்ட் கட் வரை காத்திருக்க வேண்டாம்.


பின்னலாடை_ஐடி, புதன் இரவு 10.05

நைட் ஷிஃப்ட் டீ பிரேக்கில் மூன்று தடவை ரீபூட் செய்தேன். மூன்று தடவையும் எல்லா ரூலும் ஏறிவிட்டது. ஈஆர்பி வெளியிலும் உள்ளேயும் திறக்கிறது. நொய்யல் அண்ணா சொன்ன லேப்டாப் சோதனையையும் வெளிப்பக்கத்தில் சொருகிச் செய்து பார்த்தேன், 192.168.1.40 இலிருந்து ஒரு பாக்கெட்டும் திரும்பி வரவில்லை.


தறிச்_சத்தம், வியாழன் காலை 7.30

எங்கள் கூடத்திலும் வயர்கார்டு ஏறிவிட்டதுங்க. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறேன், ஏழாம் நம்பர் தறியில் நாடா நிற்கிறது.